வீரமாமுனிவரும் பரமார்த்த குருவின் சீடரும்

நம் மாணவருள் கல்லிவர் என்னும் கப்பல் மருத்துவனின் யாத்திரைக் கதையைப் படியாதார் மிகச் சிலரேயாவர். கலம் உடைந்து, கடல் நீந்திக் கரையேறி, அயர்ந்துறங்கி விழித்த அவன், ஒரு சாண் உயரமும் இல்லாத மாந்தர் வில்லும் அம்புமாய்த் தன் மார்பின்மீது ஏறி நிற்பதையும், தன் கைகால்களும் தலைமயிரும் நூலிழை போன்ற கயிறுகளால் தரையோடு பிணிக்கப்பட்டிருப்பதையும் காணும் இடத்தை இளமையிற் படித்தவர் முதுமையிலும் மறவார். இதனை எழுதிய ஜோனதன் சுவிப்டு என்பார் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1667ஆம் ஆண்டிற் பிறந்து 1745ஆம் ஆண்டில் மறைந்தவர். தம் காலத்து அரசியலாரையும் சமயப் பூசலிடுவோரையும் எள்ளும் பொருட்டு அவர் எழுதிய நூல், அவர் எண்ணாத வகையிற் சிறுவர் கையகப்பட்டுச் சிறுவர்க்குரிய கதையாயிற்று.

இக்கதையில் நகைக்குரியார் சிறுமாந்தர் என்றே பலரும் கொள்வர். சற்று ஊன்றி நோக்கின் அவ்வூரில் அயலான் எவன்? பல்லாயிரவர் ஓரளவினராய் வாழும் நாட்டில் தான் ஒருவனே மலைபோலக் கிடக்கும் கல்லிவரே அயலான். அவர் மொழியை அவன் கற்கின்றான், அவர்க்காகப் பகைவர் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருகின்றான், பட்டமும் பெறுகின்றான். எனினும் இறுதியில் இராசத் துரோகியெனக் குற்றஞ்சாட்டப்பெற்று, கண்கள் குருடாக்கப்படும் என்றறிந்து தப்பி ஓடுகின்றான். மொழி கற்ற பின்னும் அவன் உடல் குறுகவில்லை. அந்நாட்டார் நடுவில் அவனுக்கு ஓர் இருக்கை அமையவில்லை.

சிறுமாந்தர் கதை நம் நாட்டினர்க்கும் புதியதன்று. கட்டைவிரல் அளவினரான வாலகில்லிய முனிவர் பலர் கூடி ஒரே இலைக்காம்பைச் சுமந்து செல்லும்போது, பசுவின் குளம்படியிற் தேங்கிய நீரைக் கடக்கமாட்டாது தத்தளித்தனர் என்றும், அது கண்டு இந்திரன் நகைத்தான் என்றும், சினந்த அம்முனிவர் தவப்பயனாலேயே பறவைகட்கு இந்திரனாகக் கருடன் தோன்றினான் என்றும் பாரதம் கூறும். திருவரங்கத்துக் கருட மண்டபத்திற் பேருருவாய் அமர்ந்திருக்கும் கருடாழ்வாரைக் காண்போருள் எத்துணைப் பேர் அவ்விரலளவு முனிவரை நினைக்கின்றனரோ! நிற்க. நம் மொழிக்கே முதலாசிரியராகப் போற்றப்பெறும் அகத்தியரும் குறுமுனிவர்; வடக்கிலிருந்து வந்த அயலார். தமிழ்நாட்டு மரபு அவரை அயலாரென நிறுத்தி வைக்கவில்லை. பொதியத்திற் குடியேற்றித் தமிழ் முனிவர் என்றே அழைத்தது.

சுவிப்டின் நூல் இலண்டன் மாநகரில் வெளிவந்த ஆண்டு 1726. அவ்வாண்டிலேயே நம் திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, கொள்ளிடத்து வடகரைச் சீமையில், மெய்யாகவே கடல் கடந்து வந்த மற்றோர் யாத்திரிகர் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை முடித்தனர் என்ப. அவரே இக்கட்டுரைக்குரிய வீரமாமுனிவர். சுவிப்டினும் பதின்மூன்றாண்டு இளையவர். அவர் மறைந்த ஈராண்டிற்குப் பின் தாமும் மறைந்தவர். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் அயலான் ஒருவன் பிறர் நாட்டில் என்னாவான் என்னும் ஒரே வினாவிற்கு விடை கண்டவர்கள். ஒருவர் கற்பனையிற் கண்டார். மற்றவர் வாழ்ந்து கண்டார்.

கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயருடைய முனிவர், இத்தாலி தேசத்து மாந்துவா நகரையடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். 1698ஆம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்து, கல்வி முற்றிக் குருப்பட்டம் பெற்று, கப்பலேறிக் கோவை என்னும் கோவா நகரில் இறங்கி, 1711ஆம் ஆண்டளவில் மதுரை மிஷனை அடைந்தார். அம்மிஷன் அவர் வருவதற்கு நூறாண்டு முன்னரே தத்துவபோதகர் என்னும் இராபர்ட்டு தெ நொபிலியாற் தொடங்கப்பெற்றது. அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் 1693ஆம் ஆண்டிற் தலை வெட்டுண்டு இறந்ததும் அம்மிஷனிலேயே. ஆகவே இங்கு வரும் ஐரோப்பியக் குரு ஒருவர்க்குக் காத்திருந்தது மலர்மாலை மட்டுமன்று. முனிவரும் வந்த சில ஆண்டுகளுக்குள்ளே குருக்கள்பட்டி என்னும் ஊரிற் சிறைப்பட்டு, உயிர் போகும் எல்லை வரை சென்று மீண்டார்.

அந்நாளில் ஐரோப்பியரைக் குறிக்க வழங்கிய சொல் பறங்கி என்பது. போர்த்துக்கீசரின் ஊனுணவும் மதுவும் ஒழுக்கக் கேடும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டமையால், பறங்கியென்று பெயரெடுத்த ஒருவன் நல்லோர் வீட்டுத் திண்ணையிலும் அமர இயலாது. நொபிலி அப்பெயரை உதறவே காவி உடுத்தார், மரக்கறி உண்டார். நம் முனிவரும் அவ்வழி நின்றார். காவியங்கியும், காதிற் கடுக்கனும், கையிற் தண்டும் உடையராய்ப் புலித்தோல் விரித்த பல்லக்கில் அவர் செல்லும் கோலத்தைப் புதுவை முத்துசாமிப் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய வரலாறு விரிவாகக் கூறும். இக்கோலத்தை வேடமென்று பழிப்பாரும் உண்டு. உடையளவில் நின்றிருப்பின் அப்பழி பொருந்தும் என்றே யானும் சொல்வேன். முனிவர் அவ்வளவில் நின்றாரல்லர்.

மொழியென்னும் வாயிலுட் புகுந்து அகவீடு வரை சென்றவர் அவர். சுப்பிரதீபக் கவிராயர் அவர்க்குத் தமிழாசிரியராயிருந்தார் என்பது வழிவழிச் செய்தி. முப்பது வயதிற்கு மேல் அகரம் தொடங்கிய ஒருவர், பதினைந்தாண்டிற்குள் 36 படலங்களும் 3,615 பாடல்களுமாகிய காப்பியத்தை இயற்றினார் என்றால், பரீட்சைக்கு முதல்நாள் இரவு நன்னூலைத் திறக்கும் நம் மாணவர் சற்று நாணுதல் தகும். சூசையப்பரைத் தலைவராக உடைய அத்தேம்பாவணியிற் கதை நிகழும் இடம் பாலஸ்தீன நாடு. ஆயின் அந்நாட்டு வயல்களில் நம் காவிரிப் பாய்ச்சல் போல நீர் பாய்கின்றது, செந்நெல்லும் கரும்பும் விளைகின்றன, தாமரைகள் மலர்கின்றன. தாம் பிறவாத நாட்டின் அணிகளைத் தாம் காணாத நாட்டிற்குப் பூட்டிய அப்புலவர், தமக்குரிய ஊர் எதுவென்பதை அறிந்தோ அறியாமலோ அங்குக் காட்டிவிட்டார்.

அவர் செய்த பிற பணிகளை விரைந்து கூறிச் செல்வேன். 1730ஆம் ஆண்டில் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம்; 1732ஆம் ஆண்டில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாகச் சதுரகராதி; திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு; திருக்காவலூர்க் கலம்பகம்; செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம். தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் குருமாரை அவர் கண்டித்தெழுதிய நூல்களிற் கடுமை மிகுதி. அவற்றை இன்று படிப்போர்க்கு அக்கடுமை உவப்பாயிராது. ஆயின் அவர் கொடுந்தமிழ் இலக்கணம் 1738ஆம் ஆண்டில் அச்சேறியது அத்தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலேயே என்பது, வாதம் செய்தோர் இரு திறத்தார்க்கும் பெருமை தருவது.

ஒரு சிறு பணியை மட்டும் விடலாகாது. பழைய எழுத்தில் எகரமும் ஒகரமும் புள்ளி பெற்றாற் குறில், பெறாவிடில் நெடில். ஓலையிற் புள்ளியிட்டு எழுதுவோர் அரியராகலின், படிப்போர் பொருள் நோக்கியே குறிலென்றும் நெடிலென்றும் துணிய வேண்டியிருந்தது. முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். கெடு என்பதும் கேடு என்பதும் இன்று கண்ட மாத்திரத்தில் வேறுபடுவது அதனாலே. தாய்மொழியாகப் பேசுவோர்க்கு உறுத்தாத குறை, வேறு மொழியிலிருந்து வந்து எழுத்தெழுத்தாய்ப் பயின்றவர் கண்ணுக்கு உறுத்திற்று. அயலாராய் வந்தமையும் அவ்வொரு வகையில் நமக்கு நன்மையாயிற்று.

இனிப் பரமார்த்த குருவின் கதைக்கு வருவோம். இது முனிவர் உரைநடையிற் செய்த நகைச்சுவை நூல். பேச்சுத் தமிழ் பயிலும் ஐரோப்பியர்க்குப் பாடமாக உதவுமாறு இலத்தீன் மொழிபெயர்ப்புடன் எழுதப்பெற்றது. 1822ஆம் ஆண்டில் பெஞ்சமின் பாபிங்டன் என்பார் இதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்டார். பாடநூலாகப் பிறந்த இதுவும், சுவிப்டின் நூலைப்போலவே, ஆக்கியோன் கருதாத வகையிற் சிறுவர் உடைமையாயிற்று. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்கி, புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டியென்று துரத்தியதும், மாட்டு நிழலில் அமர்ந்ததற்கு மாட்டுக்காரன் கூலி கேட்டதும் அறியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. இங்கு வருவோர் உடலாற் சிறியரல்லர், அறிவாற் சிறியர். உலகம் அவர்க்கு அளவிற் பெரிதாகிவிட்டது. சிற்றாறு ஒன்றும் விழித்திருந்து விழுங்கவல்ல விலங்காய்த் தோன்றுகின்றது. வாலகில்லியர்க்குக் குளம்படி நீர் எப்படியோ, அப்படியே இவர்க்கு ஆறு.

குருவும் சீடர் ஐவரும் ஆற்றங்கரையை அடைகின்றனர். ஆறு உறங்குகின்றதா விழித்திருக்கின்றதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர், அது சீறுகின்றது, விழித்திருக்கின்றது என்று அஞ்சிப் பின்வாங்குகின்றனர். பின்னர் அவிந்துபோன அதே கொள்ளியைத் தோய்க்க, ஒலி எழாமையால் ஆறு உறங்கிற்று என்று துணிந்து, அடிமேல் அடி வைத்து அக்கரை சேர்கின்றனர். எண்ணிப் பார்க்கின்றனர், ஐவரே உளர். மீண்டும் ஒருவன் எண்ணுகின்றான், மீண்டும் ஐவரே. எண்ணுபவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டு எண்ணுகின்றான் என்பது அவர்க்குத் தோன்றவில்லை. ஆறு ஒருவனை விழுங்கிற்று என்று ஓலமிடுகின்றனர். அவ்வழி வந்த ஒருவன் அவர் பேதைமை கண்டு, இழந்தவனை மந்திரத்தால் வருவிப்பதாகக் கூறிப் பொருள் பேசிக்கொண்டு, அறுவரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் முதுகிலும் தடியால் ஓரடி கொடுத்துத் தன் பெயரைத் தானே சொல்லச் செய்கின்றான். கணக்கு ஆறாகின்றது.

இக்கதை எந்நாட்டது? மீன் பிடிக்கச் சென்ற கோத்தம் ஊரார் பன்னிருவர், தம்மைத் தாம் எண்ணாது பதினொருவரென்று அழுதனர் என்றும், குதிரையில் வந்தவன் சவுக்கால் ஒவ்வொருவரையும் அடித்து எண்ணிக் காட்டினான் என்றும் ஆங்கில நாட்டுப் பழங்கதை ஒன்று உண்டு. வேதாந்த நூலாரோ, ஆறு கடந்த பதின்மருள் எண்ணியவன் தன்னை மறந்து ஒன்பதின்மரே உளர் என்று துயருற்றதையும், பத்தாமவன் நீயே என்று ஒருவர் காட்டத் தெளிந்ததையும், தன்னைத் தானறியாத உயிருக்கு உவமையாகச் சங்கரர் காலந்தொட்டு எடுத்தாண்டு வருகின்றனர். மேல்நாட்டிற் சிரிப்புக்கும் கீழ்நாட்டில் ஞானத்துக்கும் பயன்பட்ட ஒரே கதை, இரு நாட்டையும் அறிந்த ஒருவர் கையிற் கொள்ளிடக் கரையில் வந்து கூடிற்று.

இனி யான் முதன்மையாகக் கூற விரும்புவது சீடர் பெயரைப் பற்றியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன அவர் ஐவர் பெயர். நான்கு பெயர் வெறும் அறிவின்மையைச் சுட்டுவன. நான்காவதாக நின்ற மிலேச்சன் என்பதோ அத்தகையதன்று. திருந்திய மொழி பேச அறியாத பிறநாட்டான், ஆசாரமற்றவன் என்பது அதன் பொருள். முனிவர் வாழ்ந்த ஊர்களிற் கற்றோர் இகழ நேரின் எச்சொல்லால் இகழ்ந்திருப்பர்? பறங்கியென்று பாமரரும் மிலேச்சனென்று பண்டிதரும் சொல்லியிருப்பர். அகராதி செய்த அவர் அச்சொல்லின் பொருளை அறியாதவரல்லர். மூடர்க்குப் பெயரிடத் தமிழில் வேறு சொல்லா இல்லை? இருந்தும் அச்சொல்லையே எடுத்து அறிவிலிகளின் வரிசையில் ஒருவனுக்கு இட்டார். பிறரை எள்ளப் புகுந்தவர் தம்மை மறந்து எண்ணவில்லை. தம் முதுகையும் தடிக்கு நீட்டி நின்றார் என்பதே எம் துணிபு.

இதனை மறுப்பாரும் உண்டு. குருவையும் சீடரையும் நகைப்பது இந்நாட்டு மடங்களையும் சாமியார்களையும் நகைப்பதேயாம், வந்த இடத்தில் விருந்தோம்பியவரை எள்ளியதேயாம் என்பர் அவர். அவர் வருத்தம் முற்றும் பிழையென்று தள்ள ஒண்ணாது. சமய வாதத்தில் முனிவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும் ஒன்று நோக்குக. கல்லிவர் சிறுமாந்தரின் உயரத்தை அளந்தான், உணவை அளந்தான், அவர் தம் சண்டைகளை எழுதினான். எழுதும்போதெல்லாம் உயர நின்றே குனிந்து பார்த்தான். பரமார்த்த குருவின் கதையில் அங்ஙனம் உயர நின்று பார்ப்பவர் எவரும் இல்லை. வழிப்போக்கனும் மாட்டுக்காரனும் தத்தம் காசில் கண்ணாயிருக்கின்றனர். சீடர் தம் குரு கீழே விழுந்தால் அழுகின்றனர். அவர் உயிர்க்கு அஞ்சியே அத்தனை மூடத்தனமும் செய்கின்றனர். அன்பில்லாதவர் எழுதக்கூடிய கதையன்று அது.

முனிவர் காலத்துத் திருச்சிராப்பள்ளி அமைதியற்றது. திருவரங்கநாதரிடம் பேரன்பு பூண்டு, தம் உருவையும் தம் குடும்பத்தார் உருவையும் அக்கோயிலில் வைத்த விசயரங்க சொக்கநாத நாயக்கர் 1732ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தேவி மீனாட்சியின் ஆட்சியைச் சந்தா சாகிபு 1736ஆம் ஆண்டிற் சூழ்ச்சியாற் கவர்ந்தான். அந்நவாபைக் காண முனிவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுச் சென்றார் என்றும், அவன் அவரைப் பெரிதும் மதித்துத் திவான் பதவியும் கொடுத்தான் என்றும் பழைய வரலாறு கூறும். பிற்கால ஆராய்ச்சியாளர் பதவியைப்பற்றிய செய்தியை ஏற்கத் தயங்குவர். 1741ஆம் ஆண்டில் மராட்டியர் மலைக்கோட்டையைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். முனிவரும் இச்சீமையை நீங்கினார். முப்பதாண்டு தமிழ் கற்று, தமிழ் எழுதி, திருக்காவலூரென்று தாமே பெயரிட்ட ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோயில் எடுத்தவர், முதுமையில் அவ்வூரைவிட்டுத் தெற்கு நோக்கிச் செல்ல நேர்ந்தது. படையெடுத்து வந்தோர் எவரும் அவர் ஊரினர்தாமா என்று கேட்டு அவர்க்குத் துன்பம் குறைத்திலர். 1747ஆம் ஆண்டிற் சேரநாட்டு அம்பலக்காட்டில் அவர் உயிர் நீத்தார். தேம்பாவணியின் மொழி வழங்கும் எல்லைக்குச் சிறிது வெளியே அவர் உடல் அடங்கிற்று.

1968ஆம் ஆண்டில் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தபோது, கடற்கரையில் வள்ளுவர், கம்பர், ஔவையார் முதலியோர் சிலைகளோடு முனிவர்க்கும் சிலை நாட்டினர். அவ்வரிசையைப் பார்த்து நடப்போர் அவரை விட்டு எண்ணுவதில்லை.

யான் சிறுவனாயிருந்த காலத்தில், திருவரங்கத்து உத்தர வீதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் பாட்டியார் இரவுதோறும் கதை கூறுவார். ஆறு உறங்கிய கதை அவர்க்கு மிக விருப்பம். அந்த ஆறு வேறெங்கோ இருந்ததன்று; நம் கொள்ளிடமே என்பார். சீடர் முதுகில் அடி விழும்போது எங்கள் முதுகிலும் மெல்லத் தட்டி எங்கள் பெயரைச் சொல்லச் செய்வார். பின்னாளிற் கல்லூரியிற் பயின்றபோது அக்கதையை எழுதினவர் இத்தாலி நாட்டவர் என்று அறிந்து, விடுமுறைக்கு வீடு சென்றதும் அவரிடம் கூறினேன். அவர் சிறிதும் நம்பினாரல்லர். தம் தாயார் சொல்லக் கேட்ட கதை அது என்றும், அந்தச் சீடர் கடந்த துறையையும் தம் தாயார் காட்டியிருக்கின்றார் என்றும், அதை வேற்றூரார் எவரும் எழுதியிருக்க வழியில்லை என்றும் இறுதிவரை சாதித்துவந்தார்.